மெல்லனாக்ஸ் எஸ்என்2100 ஸ்விட்ச்: காட்பாடில எட்டு மாசம் லாஸ்லெஸ் க்யூ ஓட்டுன அனுபவம்

காட்பாடி பக்கம் எங்களுது ஒரு சின்ன ஆபீஸ். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி டேனரிங்கள்ல இருந்து தோலுங்களை மேல இருந்து கேமரால படம் புடிச்சு அனுப்புவாங்க, அதுல உண்ணி கடிச்ச தழும்பு, முள்ளு கீறல், உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு இதெல்லாம் எங்க இருக்குன்னு கண்டுபுடிக்கிற மாடலை ட்ரெயின் பண்றதுதான் எங்க பொழப்பு. படம் ஒவ்வொண்ணும் பெருசு பெருசா இருக்கும். 6 ஜிபியு சர்வர், 2 ஸ்டோரேஜ் சர்வர், எல்லாத்துலயும் 100ஜி (செகண்டுக்கு 100 கிகாபிட்) நெட்வொர்க் கார்டு. இந்த எட்டையும் சேக்கறதுக்கு போன வருஷம் வாங்குனதுதான் இந்த மெல்லனாக்ஸ் எஸ்என்2100. லாஸ்லெஸ் க்யூன்னா, நெரிசல் ஆனாலும் ஒரு பாக்கெட் (டேட்டா துண்டு) கூட தொலையாத வரிசை. மெல்லனாக்ஸை 2020ல என்விடியா வாங்கிட்டாங்க, அதனால இப்ப தேடுனா என்விடியா பேர்லதான் வரும். நாங்க வாங்குனது ரீஃபர்பிஷ்டு, புதுசு விலைல பாதி கூட ஆவல.

இது வாங்குறதுக்கு முன்னாடி வேற ஒரு 100ஜி ஸ்விட்ச் இருந்துச்சு, பேர் வேணாம். வேகத்துல குறை சொல்ல முடியாது. ஆனா அதுல எங்களுக்கு கெடச்சது பழைய 802.3எக்ஸ் பாஸ் (நிறுத்தி வெக்கிறது) மட்டும்தான், 1997ல வந்த விஷயம் அது, பஃபர் (பாக்கெட்டுங்க காத்திருக்குற மெமரி) நெறஞ்சா எதிர்ல இருக்குறவனை 'நில்லு'ன்னு சொல்லும், அவன் மொத்த லிங்க்கையும் நிறுத்திடுவான். ராத்திரி ஸ்டோரேஜ்ல இருந்து பேக்கப் எடுக்கற நேரம், பேக்கப் பொட்டி 10ஜில ஒக்காந்துகினு 'நில்லு நில்லு'ன்னு சொல்லிகினே இருக்கும், ஸ்விட்ச்சோட பஃபர் நெறஞ்சு அது ஸ்டோரேஜ் சர்வரை நிறுத்தும், அந்த சர்வர் ஜிபியுவுக்கு அனுப்ப வேண்டிய படமும் சேந்து நின்னுடும். பேக்கப்புக்கும் ட்ரெயினிங்குக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது, ஆனா ரெண்டும் ஒண்ணா நிக்கும்.

வேலூர்காரங்களுக்கு இதை சொல்றது சுலபம். காட்பாடில சித்தூர் பஸ் ஸ்டாண்ட் கிட்ட வண்டிங்க மாட்டுச்சுன்னா அது விருதம்பட்டு, பாலாத்து பாலம்னு பின்னாடியே வந்து கிரீன் சர்க்கிள் வரைக்கும் நிக்கும், அப்ப சத்துவாச்சாரிக்கு போறவனும் அங்கயே மாட்டிப்பான், அவன் காட்பாடி பக்கமே போவ மாட்டான் பாவம். பாஸ் ஃப்ரேமோட பிரச்சனை அப்டியே இதுதான்.

இதை சரி பண்ணத்தான் ப்ரையாரிட்டி ஃப்ளோ கன்ட்ரோல், சுருக்கமா பிஎஃப்சி. 802.1க்யூபிபின்னு 2011ல வந்த ஸ்டாண்டர்ட். ஒரே லிங்க்கை 8 ப்ரையாரிட்டியா பிரிச்சு, எந்த ப்ரையாரிட்டிக்கு எடம் இல்லையோ அதை மட்டும் நிறுத்தச் சொல்லும், மத்த ஏழும் பாட்டுக்கு ஓடும். அந்த 'நில்லு' ஃப்ரேம்ல ஒவ்வொரு ப்ரையாரிட்டிக்கும் எவ்ளோ நேரம் நிக்கணும்னு ஒரு நம்பர் இருக்கும், அதிகபட்சம் 65535, ஒவ்வொண்ணும் 512 பிட் போற நேரம், 100ஜில கணக்கு போட்டா கிட்டத்தட்ட 335 மைக்ரோசெகண்ட். இது கம்மி நேரம் மாதிரி தெரியும், ஆனா அது முடியறதுக்குள்ள இன்னொரு ஃப்ரேம் வந்தா நேரம் திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிக்கும், அதனால நிறுத்தறவன் நெனச்சா எவ்ளோ நேரம் வேணா நிறுத்தி வெக்கலாம். இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி இதுலதான் எங்களுக்கு அடி விழுந்துச்சு.

எங்களுக்கு ஏன் டிராப்பே (பாக்கெட் தொலையறது) ஆவக்கூடாதுன்னா, நாங்க ஓட்டுறது ராக்கி வி2, அதாவது ஈதர்நெட் மேல ஆர்டிஎம்ஏ (சிபியுவை தொந்தரவு பண்ணாம ஒரு சர்வர் மெமரில இருந்து இன்னொண்ணோட மெமரிக்கு நேரா அனுப்பறது), யுடிபி 4791 போர்ட்ல போவும். டிசிபி மாதிரி இதுக்கு பொறுமை கெடையாது. பெரும்பாலான கார்டுங்கள்ல நடுவுல ஒரு பாக்கெட் காணாம போச்சுன்னா அதுல இருந்து பின்னாடி போனது அத்தனையும் திரும்ப அனுப்பும், போய் சேந்ததையும் சேத்து. அதனால கொஞ்சூண்டு டிராப்புக்கே வேகம் தரைல வந்து ஒக்காந்துரும்.

சரி, ஸ்விட்ச்சுக்கு வரேன். 16 போர்ட், ஒவ்வொண்ணும் 100ஜி, ஒவ்வொரு போர்ட்டையும் நாலு 25ஜியா பிரிக்கலாம். அகலம் பாதிதான், ரேக்ல ஒரு யு (ஒரு தட்டு) எடத்துல ரெண்டு ஸ்விட்ச் பக்கத்துல பக்கத்துல வெக்கலாம். பஃபர் 16 எம்பி, எல்லா போர்ட்டும் பகிர்ந்துக்கும், பெரிய பஃபர் இல்ல, ஆனா எட்டு சர்வருக்கு எங்களுக்கு பத்துது. மேல க்யூமுலஸ் லினக்ஸ்ங்கற ஓஎஸ் ஓடுது, டெபியன் லினக்ஸ் பழக்கம் இருக்குறவங்களுக்கு சொந்த வீட்டுக்குள்ள போன மாதிரி இருக்கும்.

இதுல எனக்கு ரொம்ப புடிச்சது, லாஸ்லெஸ் செட்டப் பண்ண ஒரே ஒரு வரி போதும். என்வி செட் கியூஓஎஸ் ராக்கின்னு அடிச்சு, என்வி கான்ஃபிக் அப்ளைன்னு போட்டா முடிஞ்சுது. டிஎஸ்சிபி (பாக்கெட் எந்த வகைன்னு அதோட தலைல இருக்குற நம்பர்) 26ல வர்றதை ப்ரையாரிட்டி 3க்கு அனுப்பும், 3ல மட்டும் பிஎஃப்சி போடும், நெரிசல் ஆச்சுன்னு சொல்ற சிஎன்பி பாக்கெட்டை டிஎஸ்சிபி 48ல பாத்து ப்ரையாரிட்டி 6ல ஸ்ட்ரிக்டா முன்னாடி அனுப்பும், மிச்ச பேண்ட்வித்தை 0க்கும் 3க்கும் பாதி பாதியா குடுக்கும், ஈசிஎன் (நெரிசலை முன்னாடியே சொல்ற குறி, பின்னாடி சொல்றேன்) வேற சேத்து போட்டுடும். வேற ஒரு எடத்துல வேலை செஞ்சப்ப இதே வேலைய க்ளாஸ் மேப், பாலிசி மேப், க்யூ மேப், பஃபர் ப்ரொஃபைல்னு பக்கம் பக்கமா கையால எழுதியிருக்கேன், ஒரு எடத்துல நம்பர் மாறுனா எங்க தப்புன்னே தெரியாது. அதை பண்ணவங்களுக்குதான் இந்த ஒரு வரியோட அருமை புரியும். என்வி ஷோ கியூஓஎஸ் ராக்கின்னு போட்டா இன்னா மேப்பிங் போட்டுருக்குன்னு அப்டியே காட்டும், அதை ஒரு தடவ வரி வரியா படிங்க, படிக்காம விடாதீங்க.

ஹெட்ரூம் பத்தி கொஞ்சம் சொல்லணும், நெறைய பேர் இங்க தப்பு பண்றாங்க. கிரீன் சர்க்கிள்ல கான்ஸ்டபிள் கை காட்டுனாலும் ஏற்கனவே உருண்டு வந்துகினு இருக்குற வண்டி ஒடனே நிக்காது, ரெண்டு மூணு வண்டி கோட்டை தாண்டி வந்துதான் நிக்கும், அதுக்கு எடம் விட்டு வெக்கணும். ஸ்விட்ச்லயும் அதேதான், 'நில்லு'ன்னு அனுப்புன அப்புறமும் வந்துகினு இருக்குறதை வாங்கி வெக்க தனி எடம் வேணும். எக்ஸ்ஆஃப்ங்கற அளவு தாண்டுனா நில்லு, எக்ஸ்ஆன்ங்கற அளவுக்கு கீழ எறங்குனா போ. அந்த நடு எடம் பத்தலன்னா லாஸ்லெஸ்னு பேரு வெச்ச க்யூலயே டிராப் ஆவும்.

எவ்ளோ எடம் வேணும்? கேபிள்ல ஒரு மீட்டருக்கு சுமாரா 5 நானோசெகண்ட். 100 மீட்டர்னா போய் வர 1 மைக்ரோசெகண்ட், 100ஜில அந்த நேரத்துல 12.5 கேபி வந்து நிக்கும். எங்க ரேக்ல 3 மீட்டர் டாக் (காப்பர்) கேபிள்தான், கணக்கு போட்டா 400 பைட் கூட வரல. ஆனா எம்டியு (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச சைஸ்) 9216 பைட், 'நில்லு' அனுப்ப ட்ரை பண்ணும்போது இந்த பக்கம் ஒரு பெரிய ஃப்ரேம் போய்கினு இருக்கலாம், அந்த பக்கமும் ஒண்ணு பாதி கெளம்பி இருக்கலாம், அது ரெண்டுமே 18 கேபி ஆவுது, அதுக்கு மேல எதிர் கார்டு அதை படிச்சு நிறுத்தற நேரம். சின்ன ரூம்ல கேபிளை விட ஃப்ரேம் சைஸ்தான் எடத்தை சாப்பிடுது. இதை பேப்பர்ல போட்டு பாத்த அன்னிக்குதான் எனக்கே இந்த விஷயம் முழுசா மண்டைல ஏறுச்சு. க்யூமுலஸ்ல கேபிள் நீளத்தை நாமளே குடுக்கலாம், கணக்கை அது போட்டுக்கும். இந்த எடம் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒவ்வொரு லாஸ்லெஸ் ப்ரையாரிட்டிக்கும் தனித்தனியா போவும், அதனால 8 இருக்குதேன்னு எட்டையும் லாஸ்லெஸ் ஆக்காதீங்க, ஒண்ணு போதும், மிஞ்சிப் போனா ரெண்டு.

இப்ப நடந்ததை சொல்றேன். ஸ்விட்ச்ல அந்த ஒரு வரியை போட்டுட்டு, சர்வருங்கள்ல எம்எல்என்எக்ஸ் கியூஓஎஸ் டூலால ட்ரஸ்ட் டிஎஸ்சிபின்னு (டிஎஸ்சிபி நம்பரை நம்புன்னு) வெச்சு, பிஎஃப்சி லிஸ்ட்ல ப்ரையாரிட்டி 3ஐ மட்டும் 1 ஆக்கிட்டு, சந்தோஷமா ட்ரெயினிங் ஓட்டுனோம். ஸ்பீடு முன்ன மாதிரியேதான் இருந்துச்சு. எனக்கு ஸ்விட்ச் மேலயே சந்தேகம், ரீஃபர்பிஷ்டு வாங்கி ஏமாந்துட்டோமான்னு. ராத்திரி பதினோரு மணி இருக்கும், எங்ககூட வேலை செய்யற தம்பி ஒருத்தன் ஈத்டூல் (நெட்வொர்க் கார்டோட கணக்கை காட்டுற கமாண்டு) கவுன்டரை ஸ்க்ரோல் பண்ணிகினே இருந்தவன், "அண்ணா, இங்க பாருங்களேன், மூணாவது ப்ரையாரிட்டில ஒண்ணுமே வரலண்ணா, அத்தனையும் ஜீரோலயே போவுது"ன்னான். எட்டிப் பாத்தா அவன் சொன்னது சரி. ப்ரையோ3 பைட்ஸ் அப்டியே 0, ப்ரையோ0 மட்டும் கண்ணு முன்னாடி ஏறிகினு இருக்குது.

காரணம் இன்னான்னா, ஸ்விட்ச் டிஎஸ்சிபி 26ஐ எதிர்பாத்துகினு ஒக்காந்துருக்கு, ஆனா சர்வர் அனுப்பற ஆர்டிஎம்ஏ பாக்கெட்ல டிஎஸ்சிபி 0. யாரும் மார்க்கே பண்ணல. லாஸ்லெஸ் ரோட்டை போட்டு வெச்சுட்டோம், வண்டி அத்தனையும் பக்கத்து ரோட்டுல போய்கினு இருக்கு. எந்த எடத்துலயும் எரர் வரல, லாக்ல ஒரு வரி இல்ல, எல்லாம் பச்சையா இருக்கு. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் நான் இந்த ரிவ்யூவே எழுதறேன், ஏன்னா இது எல்லாருக்கும் நடக்கும், ஸ்விட்ச்சை திட்டிகினு திருப்பி அனுப்பிடுவாங்க.

சரி பண்ண, சிஎம்ஏ ராக்கி டாஸ்ங்கற டூல்ல 106னு குடுத்தோம். ஏன் 106னா, டிஎஸ்சிபி 26ஐ நாலால பெருக்குனா 104, ஈசிஎன் பிட்டுக்கு 2. ஒடனே ஸ்டோரேஜ் ட்ராஃபிக் மூணுக்கு வந்துச்சு, தம்பி கையை தட்டிட்டான். ஆனா ஜிபியுக்கு ஜிபியு போற ட்ராஃபிக் அப்பவும் ஜீரோலயே இருந்துச்சு. அந்த டூல் ஆர்டிஎம்ஏ சிஎம்ங்கற கனெக்ஷன் லைப்ரரி வழியா கனெக்ட் ஆவறதுக்கு மட்டும்தான், என்சிசிஎல் (ஜிபியுங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற என்விடியா லைப்ரரி) அந்த வழில போவாம தானா க்யூபி (அனுப்பற-வாங்கற க்யூ ஜோடி) போட்டுக்குது, அதுக்கு தனியா என்சிசிஎல் ஐபி டிசிங்கற வேரியபிள்ல அதே 106ஐ வெக்கணும். வெச்ச அப்புறம்தான் எல்லாம் ஒரே ரோட்டுக்கு வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி பேக்கப் ஓடும்போது கூட ட்ரெயினிங் லாஸ் லைன் (மாடல் எவ்ளோ தப்பு பண்ணுதுன்னு காட்டுற கோடு) ஒரு எடத்துலயும் தயங்கல, அவுட் ஆஃப் சீக்வென்ஸ் (வரிசை தப்பி வந்த பாக்கெட்) கவுன்டர் நகரவே இல்ல. அதை பாத்துட்டு வீட்டுக்கு போவ மனசே வரல எங்களுக்கு.

இன்னொண்ணு, சர்வர் பக்கம் போடுற இந்த செட்டிங் ரீபூட் ஆனா போயிடும். நம்ம ஊர்ல மின்னல் இடி மழைன்னா கரண்ட் போவும், யுபிஎஸ் தாங்குற வரைக்கும்தான். அப்டி ஒரு நாள் எல்லாம் ஆஃப் ஆயி எழுந்து வந்தப்ப ரெண்டு சர்வர் மார்க்கிங் இல்லாமலே வந்துச்சு, ரெண்டு நாள் கழிச்சுதான் கண்டுபுடிச்சோம். சிஸ்டம்டி சர்வீஸா (பூட் ஆவும்போது தானா ஓடுற மாதிரி) எழுதி எல்லா சர்வர்லயும் போட்டு வெச்சுடுங்க. ஸ்விட்ச் பக்கம் என்வி கான்ஃபிக் சேவ் போட மறக்காதீங்க.

ஈசிஎன் பத்தி சுருக்கமா. பிஎஃப்சி கடைசி ஆயுதமா இருக்கணும், அதுக்கு முன்னாடி ஈசிஎன் வேலை செய்யணும். க்யூ கொஞ்சம் நெறைய ஆரம்பிச்சதும் ஸ்விட்ச் பாக்கெட்ல ஒரு குறி போடும், வாங்குறவன் அதை பாத்து அனுப்பறவனுக்கு சிஎன்பி அனுப்புவான், அவன் வேகத்தை கொறப்பான். இந்த ராக்கி ப்ரொஃபைல்ல 150 கேபில குறி போட ஆரம்பிச்சு 1500 கேபி வரைக்கும் கூட்டிகினே போவும். நாங்க அதை மாத்தல, மாத்த தேவையும் வரல. பிஎஃப்சி பாஸ் கவுன்டர் எப்பவாவது கொஞ்சம் ஏறுனா பரவால்ல, விடாம ஏறுதுன்னா எங்கயோ கோளாறு.

அந்த கோளாறும் வந்துச்சு, மே மாசம். அக்னி நட்சத்திரம், வெளிய நிக்க முடியல, ரூம் ஏசியை சர்வீஸ் பண்றதுக்காக ரெண்டு சர்வரை ரேக்ல இருந்து வெளிய எடுத்து வெச்சு, திரும்ப மாட்டுனோம். மறுநாள்ல இருந்து மொத்த க்ளஸ்டரும் மந்தம். ஒரு சர்வர்னா புரியும், எட்டும் ஏன் மந்தம்? டிராப் ஒண்ணு கூட இல்ல, லாஸ்லெஸ்தான். ஒவ்வொரு போர்ட்டா பாஸ் கவுன்டர் பாத்துகினு போனா, அஞ்சாவது போர்ட்ல இருக்குற சர்வர் மட்டும் ஸ்விட்ச்சை பாத்து விடாம 'நில்லு' அனுப்பிகினே இருக்கு. ஸ்விட்ச்ல அதுக்கு போறது தேங்கி, ஸ்விட்ச் மத்த எல்லாரையும் ப்ரையாரிட்டி 3ல நிறுத்துது. மொதல்ல சொன்ன அதே காட்பாடி கதை, ஆனா இந்த தடவ நம்ம லாஸ்லெஸ் ரோட்லயே.

எல்எஸ்பிசிஐல (மதர்போர்டுல சொருகுன கார்டுங்களை காட்டுற கமாண்டு) பாத்தா அந்த சர்வர்ல கார்டு 16 லேனுக்கு (மதர்போர்டுக்கு டேட்டா போற பாதை) பதிலா 4 லேன்ல லிங்க் ஆயிருக்கு. பிசிஐ எக்ஸ்ப்ரஸ் ஜென் 3 பதினாறு லேன்னா 126 ஜிபிபிஎஸ் போவும், நாலு லேன்னா 31 சொச்சம்தான். வெளிய 100ல வருது, உள்ள 31ல போவுது, கார்டு பாவம் இன்னா பண்ணும், நில்லுன்னுதான் சொல்லும். கழட்டி பாத்தா ஸ்லாட்டுக்குள்ள தூசி, கார்டும் ஒரு ஓரமா கொஞ்சம் தூக்கிகினு ஒக்காந்துருந்துச்சு. ஏர் ப்ளோயர்ல ஊதிட்டு, ரெண்டு கட்டை விரலாலயும் க்ளிக்னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்துனோம். 16 லேன் வந்துச்சு, எல்லாம் சரியாச்சு.

இதோட பெரிய உருவத்தை மைக்ரோசாஃப்ட் ஆளுங்க 2016ல சிக்காம்ங்கற நெட்வொர்க் ஆராய்ச்சி மாநாட்டுல சொல்லியிருக்காங்க, ஒரே ஒரு கெட்டுப்போன கார்டு விடாம பாஸ் அனுப்பி நெட்வொர்க்கையே நிறுத்தற அளவுக்கு போவும்னு. அவங்களும் விலான் டேக்ல இருந்த ப்ரையாரிட்டியை விட்டுட்டு டிஎஸ்சிபிக்கு மாறுனாங்க. நீங்க எந்த ஸ்விட்ச் வாங்குனாலும் சரி, பிஎஃப்சி வாட்ச்டாக் அந்த மாடல்ல, அந்த வெர்ஷன்ல இருக்குதான்னு கேட்டுட்டு வாங்குங்க. ஒரு க்யூ ரொம்ப நேரம் நின்னே கெடந்தா அது அந்த க்யூவை மட்டும் டிராப் பண்ணி ஊரை காப்பாத்தும்.

ரீஃபர்பிஷ்டு வாங்குறவங்களுக்கு ரெண்டு விஷயம். காத்து எந்த பக்கம் போவுதுன்னு பாருங்க. போர்ட் பக்கம் இருந்து இழுக்கறதும் இருக்கு, பவர் பக்கம் இருந்து இழுக்கறதும் இருக்கு, சர்வருங்க சுடு காத்தை விடுற பக்கம் இருந்து ஸ்விட்ச் இழுத்துச்சுன்னா நம்ம ஊரு வெயிலுக்கு தாங்காது. ரெண்டாவது, இந்த மாடல்ல பவர் சப்ளையையும் ஃபேனையும் ஓட ஓட கழட்டி மாத்த முடியாது. உள்ள ரெண்டு சப்ளை இருக்கு, ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கும், ஆனா சரி பண்ணணும்னா ஸ்விட்ச்சை நிறுத்தித்தான் ஆவணும். ஆஸ்பத்திரி மாதிரி ஒரு நிமிஷம் நிக்கக் கூடாத எடம்னா இதை நல்லா யோசிச்சுக்கங்க.

நாலு அஞ்சு சர்வர், வெறும் ஃபைல் ஷேர், டிசிபி மட்டும்தான்னா இதெல்லாம் வேணாம், லாஸ்லெஸ் பக்கமே போவாதீங்க, சாதா ஸ்விட்ச் போதும். ராக்கி, என்விஎம்இ ஓவர் ஃபேப்ரிக்ஸ் (நெட்வொர்க் வழியா வேற சர்வரோட எஸ்எஸ்டியை யூஸ் பண்றது), ரெண்டு மூணு ஜிபியு சர்வர் சேத்து ட்ரெயினிங்னா தைரியமா வாங்கலாம். நான் அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், அந்த அரை அந்த பவர் சப்ளைக்காக புடிச்சது. எட்டு மாசத்துல ஸ்விட்ச் ஒரு தடவ கூட ஹேங் ஆவல. ரேக்ல இதுக்கு பக்கத்துல இன்னொரு பாதி எடம் காலியா விட்டு வெச்சிருக்கோம், ரெண்டாவது ஒண்ணு பொங்கலுக்கு முன்னாடி வந்துரும். சத்துவாச்சாரி, பாகாயம் பக்கம் யாராவது இதே மாதிரி செட்டப் பண்றீங்கன்னா கீழ கேளுங்க, எங்க சிஸ்டம்டி ஃபைலையும் கவுன்டர் பாக்குற ஸ்க்ரிப்ட்டையும் அப்டியே தரேன்.